பச்சரிசி மெல்லும் பழக்கமும் நடைப்பயிற்சிக் களைப்பும்

கேள்வி: எனக்கு வயது 39. வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ. தீபாவளிக்குப் பிறகு, தோழியுடன் தினமும் காலை ஐந்தரை மணிக்குக் கோட்டைக்குப் போய் ஒரு மணி நேரம் நடக்கிறேன். கிளம்பும்முன் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர் மட்டும். காலைச் சிற்றுண்டியை நிறுத்திவிட்டேன். பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், மதியம் சாதம், மாலையில் டீயுடன் போண்டா, இரவு ஒரு கிண்ணம் ஓட்ஸ். முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தது. பிறகு முள் நகரவே இல்லை. இப்போது இருபது நிமிடம் நடந்தாலே கால் கெஞ்சுகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. உறவினர் ஒருவர் உடல் மெலியவும் தெம்பு கூடவும் மூலிகைப் பவுடர் விற்கிறார். அலுவலகத்தில் எனர்ஜி டிரிங்க் குடிக்கச் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்ளலாம்? மாலையில் நடந்தால் களைப்பு குறையுமா? இன்னொன்று: சமைக்கும்போது பச்சரிசியை மெல்லும் பழக்கம் ஓராண்டாக இருக்கிறது. அதனாலும் எடை கூடுமா? மாதவிடாய் எட்டு நாள் வரை நீடிக்கிறது. இந்த வயதில் அது சகஜம் என்கிறார்கள்.
– வாசகி, வேலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசி இரண்டு விஷயங்களைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் முதலில் கண்ணில் பட்டன. பவுடர், எனர்ஜி டிரிங்க் எல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பச்சரிசியால் எடை கூடுமா என்று கேட்கிறீர்கள். ஒரு கைப்பிடி அரிசியால் பெரிதாக எதுவும் கூடிவிடாது. ஆனால் அந்த அரிசியை உங்கள் வாய் ஏன் தேடுகிறது என்பதுதான் கேள்வி. பச்சரிசி, ஐஸ்கட்டி, விபூதி, சாக்பீஸ், செங்கல் தூள் போன்றவற்றை அடக்க முடியாமல் தின்னும் ஆசை, இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. வெட்கப்பட்டுக்கொண்டு பலர் இதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. நீங்கள் எடைக் கணக்கிலாவது இதை எழுதினீர்களே, அதுவே நல்லது. இதோடு மாதந்தோறும் எட்டு நாள் ரத்தப்போக்கு, படியேறினால் படபடப்பு, இருபது நிமிடத்தில் துவளும் கால்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்கு ரத்தசோகை இருக்கக்கூடும் என்று வலுவாகச் சந்தேகிக்கிறேன். கடிதத்தைப் பார்த்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ரத்தத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

நம் வீடுகளில் இது அபூர்வமான நோயும் இல்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. அதாவது காலையில் கோட்டையில் உங்களோடு நடக்கும் பெண்களில் பலர் இதே களைப்பைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறார்கள். "வயசாகிறது, உடம்பு கனக்கிறது" என்று காரணத்தை எடையின் தலையில் கட்டிவிடுகிறோம்.

தசை வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். அதைச் சுமந்து செல்வது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அதை உருவாக்க இரும்பு வேண்டும். ஹீமோகுளோபின் குறையும்போது, இருக்கிற கொஞ்சத்தை வைத்துச் சமாளிக்க இதயம் வேகமாகத் துடிக்கிறது. மாடிப்படியில் நீங்கள் உணரும் படபடப்பு அதுவாக இருக்கலாம். தசைகளுக்குள் ஆற்றலை உண்டாக்கும் பல நொதிகளுக்கும் இரும்பு தேவை. அதனால் ஹீமோகுளோபின் அளவு பெரிதாக விழுவதற்கு முன்பே, இரும்புக் கையிருப்பு கரையும்போதே, சோர்வு வந்துவிடும். இந்த நிலையில் எந்தப் பவுடரைக் குடித்தாலும் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் ஒரு துளியும் கூடாது.

ஆகவே இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முழு ரத்த எண்ணிக்கை, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகியவை அவசியம். முடிந்தால் வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் இரும்புக் கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று பொருள். 30-க்குக் கீழே வந்தாலே மருத்துவர்களான நாங்கள் யோசிக்கத் தொடங்குவோம். ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமின்றிப் பார்த்துவிடலாம். மற்றவற்றுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஏதேனும் பரிசோதனைக்கூடத்துக்கோ போகலாம். பரிசோதனைக்குக் கொடுக்கும் காசை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். உறவினரின் பவுடர் டப்பாவுக்குக் கொடுப்பதைவிட இது பயனுள்ள செலவு.

மாதவிடாய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இந்த வயதில் சகஜம்" என்று சொல்பவர்கள் உங்கள் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுச் சொல்லவில்லை. ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ மகப்பேறு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். கருப்பையில் நார்க்கட்டி, தைராய்டுக் குறைபாடு என்று காரணங்கள் பல; பெரும்பாலானவற்றுக்கு எளிய சிகிச்சை உண்டு. ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

இரும்புக் குறைவு உறுதியானால் மருத்துவர் மாத்திரை தருவார். கீரையும் பேரீச்சம்பழமும் தின்றே சரிசெய்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். குறைவு வராமல் காக்க உணவு போதும். வந்துவிட்ட குறையை நிரப்ப அநேகமாக மாத்திரை வேண்டும். அதை டீ, காபி, பால் ஆகியவற்றோடு விழுங்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாற்றுடனோ நெல்லிக்காயுடனோ எடுத்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு புரட்டினால் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கும் முறையும் இருக்கிறது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் மாத்திரையை எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து அள்ளி விழுங்கிவிட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். ரத்தம் சரியாகவே இருந்தாலும், நீங்கள் சாப்பிடும் முறையில் யாராக இருந்தாலும் களைத்துத்தான் போவார்கள். இரவு எட்டு மணி வாக்கில் ஓட்ஸ் குடித்தால் அடுத்த ஒழுங்கான உணவு மறுநாள் மதியம். நடுவில் பதினாறு, பதினேழு மணி நேரம். அதற்குள் ஒரு மணி நேர நடை, வீட்டுச் சமையல், பஸ் பயணம், பாதி நாள் கணக்கு வேலை. உடல் சும்மா இருக்குமா? அது தன் செலவைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் அறியாமலேயே நாற்காலியைவிட்டு எழுவது குறையும், மாடிக்குப் பதில் லிஃப்டைத் தேடுவீர்கள், விடுமுறை நாளில் படுத்தே கிடப்பீர்கள். போதிய புரதம் இல்லாமல் எடை குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். முதல் மாதம் போன மூன்று கிலோவில் கணிசமான பங்கு தண்ணீராகவும் கொஞ்சம் தசையாகவும் இருந்திருக்கும். அதற்குப் பிறகு முள் நகராததில் எனக்கு வியப்பில்லை.

வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு அதிகம் எரியும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நடக்கிற அந்த நேரத்தில் கொழுப்பு சற்று அதிகமாகச் செலவாவது உண்மைதான். முழு நாளையும் சேர்த்துப் பார்த்தால், சாப்பிடும் மொத்த அளவு ஒன்றாக இருக்கும்வரை, குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. தேன் வெந்நீர் கொழுப்பைக் கரைக்காது, தேனும் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டித் தேனில் அறுபது கலோரி இருக்கிறது. பிடித்திருந்தால் குடியுங்கள், மருந்தென்று நினைத்துக் குடிக்காதீர்கள்.

உங்கள் எடையில் ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகும். மாலை போண்டாவும் சர்க்கரை போட்ட டீயும் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். போதாக்குறைக்கு நீங்கள் தினமும் ஆற்காட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறவர். யாருக்காவது பிறந்தநாள் என்றால் மக்கன் பேடா பெட்டி அலுவலகத்துக்கு வந்துவிடும். பாதி சாப்பிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் கவலைப்படுவது பேடாவைப் பற்றி இல்லை. காலையில் பட்டினி கிடந்தவருக்கு மாலை நான்கு மணிக்குப் போண்டாவை மறுக்கும் மனவலிமை எங்கிருந்து வரும்?

காலையில் கிளம்புவதற்கு இருபது, முப்பது நிமிடம் முன்பு ஒரு சிறிய வாழைப்பழம் அல்லது அரை டம்ளர் கேழ்வரகுக் கூழ் போதும். கூழ் என்றதும் ஆடி மாதம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. வட ஆற்காட்டில் வயலுக்குப் போகிறவர்கள் ஆண்டு முழுவதும் இதைக் குடித்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்கினார்கள். முந்தின நாள் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சுவதில் ஒரு நன்மை இருக்கிறது: கேழ்வரகில் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலுக்கு விடாத ஃபைட்டேட் என்ற பொருள் உண்டு, புளிக்கும்போது அது குறைகிறது. அதற்காகக் கேழ்வரகை இரும்புச் சுரங்கம் என்று எண்ண வேண்டாம். அதில் நிறைந்திருப்பது கால்சியம், 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில். கலோரியும் அரிசியைவிடப் பெரிதாகக் குறையாது. அதனால் களி உருண்டையை எண்ணாமல் விழுங்கினால் எடை இறங்காது. அது மெதுவாகச் செரிக்கும், நெடுநேரம் பசி தாங்கும். அவ்வளவு போதும்.

நடந்து வந்த பிறகு காலைச் சிற்றுண்டி கட்டாயம். இரண்டு இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, அல்லது பாசிப்பயறு தோசை, அல்லது காராமணிச் சுண்டலோடு கொஞ்சம் உப்புமா. பஸ் பிடிக்கும் அவசரத்தில் நேரமில்லை என்றால் டப்பாவில் எடுத்துப்போய் அலுவலகத்தில் சாப்பிடுங்கள். பதினொரு மணி டீ அதற்கு ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும். உணவோடு சேர்ந்த டீ, உணவிலுள்ள இரும்பைச் சரியாக உறிஞ்சவிடாது. பிஸ்கட்டுக்குப் பதில் கொய்யா. மதியம் சாதத்தை இப்போது சாப்பிடுவதில் முக்கால் பங்காக்கி, பருப்பு அல்லது பயறுக் குழம்பைத் தாராளமாக ஊற்றி, ஒரு கீரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரைக்குக் கடைசியில் எலுமிச்சை பிழிவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, வேகவைத்தோ வறுத்தோ. 30 கிராம் கடலையில் ஏழு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஆனால் கலோரி 170 வரை போகும். பையை மடியில் வைத்துக்கொண்டு கொறிக்கக் கூடாது. இரவு ஓட்ஸ்தான் வேண்டும் என்றால் அதோடு ஒரு கிண்ணம் தயிரோ முட்டையோ சேரட்டும். சப்பாத்தியும் பருப்புக் கூட்டும் அதைவிட நல்லது.

உங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் புரதம் தேவை. நீங்கள் எழுதியிருக்கும் உணவில் அதில் பாதி கிடைத்தால் அதிகம். இதைச் சரிசெய்யப் பவுடர் வேண்டாம். மேலே சொன்னவற்றிலேயே வந்துவிடும்.

அசைவம் சாப்பிடுகிறவர் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது, தேவையும் இல்லை. கறித்துண்டுகளில் உள்ள இரும்பு, கீரையில் உள்ளதைவிட எளிதாக உடலில் சேரும். கறியைச் சாப்பிட்டு, சோற்றில் பாதியை விட்டுவிடுங்கள். மாதம் இரண்டு முறை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) வாங்கி மிளகு போட்டு வறுத்துச் சாப்பிடலாம். ரத்தம் ஊறும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் இது ஒன்று முழு உண்மை. (கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும்.)

இப்போது எனர்ஜி டிரிங்க். அதில் தெம்பு தருவதாக உணரவைப்பது காஃபீனும் சர்க்கரையும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். காஃபீன் பயிற்சித் திறனைக் கூட்டும் என்பது நிரூபணமான உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் களைப்பின் காரணத்தை அது நீக்காது, களைப்பு தெரியாமல் மட்டும் செய்யும். ஏற்கெனவே படபடக்கும் இதயத்துக்கு இன்னொரு தூண்டுதல் தேவையா? ரத்த முடிவு வரும்வரை இது வேண்டாம். பிறகு வேண்டுமானால் நடைக்கு முன் ஒரு சிறிய டம்ளர் ஃபில்டர் காபி போதும். மாலை நான்கு மணிக்கு மேல் காபியைத் தொடாதீர்கள். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் ஆகும்.

மூலிகைப் பவுடர் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். உள்ளே என்ன, எவ்வளவு என்று எழுதாத எதையும் வாயில் போடாதீர்கள், விற்பவர் சித்தப்பா மகனாக இருந்தாலும். எடை குறைக்கும் சிபுட்ரமின் என்ற மருந்தை, இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் ஆபத்து என்று நம் நாட்டில் 2011இல் தடை செய்தார்கள். அதன் பிறகும் 'மூலிகை' என்ற பெயரில் விற்கப்பட்ட மெலிவுப் பொருட்களில் அது கலந்திருந்தது உலகின் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். உறவு கசக்கும் என்று பயமாக இருந்தால், மருத்துவர் மறுத்துவிட்டார் என்று பழியை என் மேல் போடுங்கள்.

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஐந்தரைக்குக் கோட்டையில் இருக்க வேண்டுமானால் நாலே முக்காலுக்காவது எழ வேண்டும். பாத்திரம் கழுவி, மறுநாளுக்கு மாவு எடுத்து வைத்து, பதினொரு மணிக்குப் படுக்கிறவர் என்றால் ஆறு மணி நேரத் தூக்கம்கூட இல்லை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், திருப்தியைச் சொல்லும் ஹார்மோன் குறையும். மறுநாள் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் அழைக்கும். ஏழு மணி நேரம் தூங்க முடியாத நாளில் நடைக்குப் போகாமல் தூங்குங்கள். இரவுப் பாத்திரங்களை வீட்டில் உள்ள மற்றவர்கள் கழுவினால் உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். இதை அவர்களும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

நடையை இப்போதைக்குப் பாதியாகக் குறையுங்கள். தோழியோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்; வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ரத்தம் தேறிய பிறகு மெல்லக் கூட்டி, வாரம் 150 நிமிடத்தைத் தாண்டலாம். வாரம் இரண்டு நாள் நடைக்குப் பதில் தசைப் பயிற்சி: நாற்காலியில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றி உடலைத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குவது. நடையைவிட இதைத்தான் பெண்கள் அதிகம் தவிர்க்கிறார்கள், இதுதான் நாற்பதை நெருங்கும்போது அதிகம் தேவை.

மாலையில் நடக்கலாமா என்றால், கார்த்திகை, மார்கழியில் தாராளமாக நடக்கலாம். சித்திரையில் வேண்டாம். நம் ஊர் வெயில் நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பகலெல்லாம் காய்ந்த கோட்டையின் கருங்கல் மதில் மாலையில் அந்த வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டி மயக்கம் வந்தாலோ, நின்ற பிறகும் மூச்சு அடங்காவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள். ரத்தசோகையாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

எடையில் வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் குறைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எடை இயந்திரத்தைவிட இடுப்பளவு நாடா நம்பத் தகுந்தது. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. மாதம் ஒருமுறை அளந்து நாட்குறிப்பில் எழுதி வையுங்கள்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். அதற்கு முன்பே, சில வாரங்களில், பச்சரிசி ஆசை தானாக விட்டுப்போயிருப்பதைக் கவனிப்பீர்கள். அளவு பழைய நிலைக்கு வந்த பிறகும் கையிருப்பு நிரம்ப மூன்று மாதம் வரை மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும். தெம்பு வந்துவிட்டது என்று பாதியில் விடுகிறவர்கள்தான் அடுத்த ஆண்டு அதே களைப்போடு திரும்பி வருகிறார்கள். ஒழுங்காக எடுத்தும் ஏறவில்லை என்றால், மாத்திரையைக் கூட்டிக் கேட்காமல், கருப்பை ஸ்கேன், குடற்புழு, வயிற்றில் ரத்தக்கசிவு ஆகியவற்றைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.